காவிரி டெல்டாவில் குறைந்த செலவில் உள்ளூர் சத்துணவு: எதை முதலில் மாற்றுவது, எதைக் கடைசியில்

நல்ல சாப்பாட்டுக்கு மாறலாம் என்று முடிவெடுக்கும் வீடுகளில் பெரும்பாலும் முதலில் வாங்குவது கருப்புக் கவுனி அரிசி. அடுத்தது செக்கு எண்ணெய், அப்புறம் நாட்டுக்கோழி முட்டை. மூன்றுமே விலை கூடியவை. இரண்டாம் மாதமே கையைக் கடிக்கும், மூன்றாம் மாதம் பழைய பட்டியலுக்கே திரும்பிவிடுவார்கள். கும்பகோணம், பாபநாசம் பக்கம் எங்கள் மகளிர் குழு வீடுகளிலும் சொந்தக்காரர் வீடுகளிலும் இதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

வரிசைதான் தப்பு. முதலில் தட்டில் பருப்பும் கீரையும் கூட வேண்டும். அதற்கான பணத்தை எண்ணெய்ச் செலவிலிருந்தும் பாக்கெட் தீனியிலிருந்தும் எடுக்க வேண்டும். அதன்பிறகும் மிச்சம் நின்றால் அரிசிக்குப் போகலாம். கீழே உள்ள படிகளை இதே வரிசையில், ஒரு படி வீட்டில் பழகிய பிறகே அடுத்தது என்று செய்யுங்கள்.

தொடங்கும் முன் வேண்டியவை

ஒரு நோட்டு, சின்னத் தராசு அல்லது எப்போதும் ஒரே அளவாகப் பயன்படுத்தும் ஆழாக்கு, இறுக்கமாக மூடும் நான்கைந்து டின், குடும்ப அட்டை. இவ்வளவு போதும்.

இன்னொன்றும் வேண்டும்: வீட்டில் சமைப்பவரின் சம்மதம். மாமியார் சமைக்கும் வீட்டில் மருமகள் பட்டியலை மாற்றினாலும், மனைவி சமைக்கும் வீட்டில் கணவர் யூடியூப் பார்த்து மாற்றினாலும் அது நிற்காது. புதுப் பொருள் வந்தால் ஊற வைப்பது, வேக வைப்பது எல்லாம் மாறும். அந்த வேலை யார் தலையில் விழுகிறதோ அவரிடம் முதலில் பேசுங்கள்.

1. ஒரு மாதம் எதையும் மாற்றாமல் கணக்கு எழுதுங்கள்

அரிசி, பருப்பு, எண்ணெய், காய், மீன், பால் எல்லாவற்றுக்கும் விலையோடு எடையையும் எழுதுங்கள். பிஸ்கட், சிப்ஸ், குளிர்பானம், டீக்கடை வடை இவற்றைத் தனிப் பக்கத்தில் எழுதுங்கள். பத்து ரூபாய் இருபது ரூபாயாகப் போவதால் இந்தப் பக்கம் யார் கண்ணிலும் படாது. மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்தால் பல வீடுகளில் பருப்புச் செலவை இது தாண்டி நிற்கும். அடுத்த படிகளுக்கான பணத்தில் பாதி இங்கேதான் இருக்கிறது.

எடையை எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், நாளைக்கு 2000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு 250 கிராம் தானியம், 400 கிராம் காய்கறியும் கீரையும், 100 கிராம் பழம், பருப்பு, மீன், முட்டை, இறைச்சி எல்லாம் சேர்த்து 85 கிராம், 27 கிராம் எண்ணெய், 300 மில்லி பால் என்று கணக்குப் போடுகிறது. உங்கள் நோட்டை இதோடு ஒப்பிடுங்கள். நான் பார்த்த நோட்டுகளில் அரிசியும் எண்ணெயும் அளவைத் தாண்டியிருந்தன, பருப்பு பாதியைக்கூட எட்டவில்லை. நாற்று நடவு, களையெடுப்பு என்று வெயிலில் வேலை செய்பவருக்கு அரிசி கூடுதலாகத்தான் வேண்டும், அதைக் குறைக்காதீர்கள். உட்கார்ந்தே வேலை பார்ப்பவர் தட்டில்தான் குறைக்க இடம் இருக்கிறது.

2. ரேஷனை முழுதாக வாங்குங்கள்

வெளியே செலவு செய்வதற்கு முன் அட்டைக்கு உரியதை வாங்கிவிட வேண்டும். இலவச அரிசியோடு, துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் கிடைக்கிறது. சரக்கு வந்த நாளில் போகாவிட்டால் பருப்புதான் முதலில் தீரும். கடையில் என்றைக்கு இறக்குகிறார்கள் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ரேஷன் அரிசியை ஊற வைத்தால் சில மணிகள் மிதக்கலாம். அதைப் பிளாஸ்டிக் அரிசி என்று பயந்து பொறுக்கி எறிகிறார்கள். அது செறிவூட்டப்பட்ட அரிசி. அரிசி மாவில் இரும்புச்சத்து, போலிக் அமிலம், பி12 சேர்த்து அரிசி வடிவில் அழுத்தி, 100 கிலோவுக்கு 1 கிலோ என்ற விகிதத்தில் கலந்திருப்பார்கள். பொறுக்கினால் நமக்கு வந்த சத்தை நாமே எறிவதாகிவிடும். வீட்டில் தலசீமியா போன்ற ரத்தக் கோளாறு உள்ளவர் இருந்தால் மட்டும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அரிசியை நாலைந்து தண்ணீரில் அலசித் தேய்க்கவும் வேண்டாம். பி வகைச் சத்துகள் தண்ணீரில் கரைந்து போகும். இரண்டு தண்ணீர் போதும். வடிக்கும் வழக்கம் உள்ள வீட்டில் கஞ்சித் தண்ணீரைக் கொட்டாமல் குடியுங்கள். பழைய சோறு சாப்பிடும் பழக்கம் இருந்தால் விடாதீர்கள்.

3. பருப்பை மாற்றுங்கள்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் கொடுக்கச் சொல்வேன். செலவு குறைந்து சத்து கூடும் படி இது ஒன்றுதான்.

நாம் தினமும் சாம்பாருக்குப் போடும் துவரை பெரும்பாலும் வெளி மாநிலத்திலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ வருகிறது. டெல்டாவின் சொந்தப் பருப்பு உளுந்தும் பச்சைப்பயறும். சம்பா, தாளடிப் பருவ நெல் அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே, ஈரமுள்ள வயலில் நெற்பயிருக்கு ஊடே விதையைத் தூவிவிடுகிறார்கள். நெல்லை அறுத்த பிறகு மண்ணில் மிஞ்சிய ஈரத்திலும் பனியிலுமே அது வளரும். மாசிக் கடைசியில் பறிக்கத் தொடங்கிப் பங்குனி, சித்திரையில் களத்துக்கு வந்து சேரும்.

வாங்க வேண்டிய நேரமும் அதுதான். விவசாயி வீட்டிலிருந்தோ கமிஷன் மண்டியிலிருந்தோ முழுப் பயறாக வாங்குங்கள். உடைத்துத் தோல் நீக்கிப் பாலிஷ் போட்ட பருப்புக்கு நாம் கொடுக்கும் விலையில் ஒரு பங்கு அந்த வேலைக்கான கூலி. தோலோடு போகும் நார்ச்சத்தும் நஷ்டம். வீட்டில் அரைக்கும் இட்லி மாவுக்குக் கருப்பு உளுந்தைத் தோலோடு போட்டால் நிறம் சற்றே மங்கும், ருசி கூடும்.

முதல் தடவையே ஒரு வருடத்துக்கு வாங்கிவிட வேண்டாம். நான்கு பேர் குடும்பத்துக்கு 5 கிலோ பச்சைப்பயறும் 8 கிலோ உளுந்தும் எடுத்து, எத்தனை நாள் வருகிறது என்று பாருங்கள். ஆசையாக ஒரு மூட்டை வாங்கி, ஆடியில் டின்னைத் திறந்தால் வண்டு பறக்கும். அதோடு இந்த முயற்சியே வெறுத்துப்போகும்.

வண்டு வெளியிலிருந்து வந்து ஏறுவது மட்டும் இல்லை, வயலிலேயே பயறின்மேல் முட்டை வைத்துவிடும். அதனால் வாங்கிய அன்றே இந்த வேலையைத் தொடங்குங்கள். சல்லடையில் சலித்து, இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் பரப்பிக் காய வையுங்கள். கடித்தால் 'டக்'கென்று உடைய வேண்டும். சூட்டோடு டின்னில் கொட்டக்கூடாது, உள்ளே வேர்த்துப் பூசணம் பிடிக்கும். ராத்திரி ஆறவிட்டு மறுநாள் கொட்டுங்கள். கிலோவுக்கு ஒரு டீஸ்பூன் நல்லெண்ணெய் அல்லது வேறு சமையல் எண்ணெய் போட்டுப் புரட்டிவிட்டால் வண்டு முட்டையிடுவது பெரிதும் குறையும். காய்ந்த வேப்பிலை, நொச்சி போடுவதும் நம் வழக்கம்தான். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மறுபடி வெயில் காட்டுங்கள்.

சமையலில் மாற்றுவது எளிது. வாரத்தில் மூன்று நாள் துவரம் பருப்புக்குப் பதில் பச்சைப்பயறு. சுண்டல், முளைகட்டிய பயறு, பயத்தங்கஞ்சி, கடைசல், வறுத்து உடைத்துப் போடும் கூட்டு என்று பழகிய பண்டங்களிலேயே தொடங்குங்கள். சாம்பாரில் முழுதாகப் பச்சைப்பயறைப் போட்டால் முதல் நாளே பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள். பாதி துவரை, பாதி பயறு என்று போய்ப் பாருங்கள்.

4. காயை ஊர்க்காய், மலைக்காய் என்று பிரியுங்கள்

கேரட், பீன்ஸ், கோஸ், பீட்ரூட் எல்லாம் நீலகிரியிலிருந்தும் கொடைக்கானல் பக்கமிருந்தும் லாரியில் வருபவை. அவை கெட்டவை என்று சொல்லவில்லை. ஆனால் வண்டி வாடகையும் நாமே தருகிறோம், டெல்டாவுக்கு வந்து சேரும்போது ஒரு நாள் இரண்டு நாள் ஆகியிருக்கும். ஊர்க்காய் என்றால் கொள்ளிடக்கரைப் படுகையில் விளையும் கத்தரி, வெண்டை, புடலை, பாகல். திருவையாறு, பாபநாசம் பக்கத்து வாழைக்காய், வாழைப்பூ, வாழைத்தண்டு. பறங்கி, பூசணி, சுரை, முருங்கை. தை மாதமானால் மொச்சை, அவரை, கருணை, சேம்பு. வாரக் காய்களில் முக்கால்வாசி இந்தப் பட்டியலில் இருந்து வரட்டும்.

எங்கே வாங்குவது? தஞ்சாவூர், கும்பகோணம், பட்டுக்கோட்டை, மன்னார்குடி, திருவாரூர் பக்கம் இருப்பவர்கள் உழவர் சந்தையில் தொடங்குங்கள். அடையாள அட்டை வாங்கிய விவசாயிகள் தரகு இல்லாமல் விற்கும் இடம் அது. வாசலில் அன்றைய விலைப் பலகை இருக்கும். அன்றைக்கு அங்கே வாங்காவிட்டாலும் அந்தப் பலகையைப் படித்துவிட்டுப் போங்கள். தெருவில் வரும் தள்ளுவண்டியில் எது நியாய விலை, எது கூடுதல் என்று ஒரு மாதத்தில் பிடிபட்டுவிடும். மொத்தமாக எடுக்கக் கும்பகோணத்தில் தாராசுரம் மார்க்கெட் உண்டு. நாலு வீடு சேர்ந்து போனால்தான் அங்கே லாபம்.

கீரை, வெண்டை, கத்தரி வாங்க விடியலிலேயே போக வேண்டும். பறங்கி, கிழங்கு, வாழைக்காய் வாங்கக் கடை கட்டும் நேரம் நல்லது. வீட்டுக்குத் திருப்பித் தூக்கிப் போக மனமில்லாமல் விலையைக் குறைப்பார்கள். எல்லாவற்றையும் கடைசி நேரத்தில் மலிவாக அள்ளி வந்து, மூன்றாம் நாள் பாதியைக் குப்பையில் போடுவதில் சேமிப்பு எதுவும் இல்லை.

மருந்தடிப்பு பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். மஞ்சள் உப்புத் தண்ணீரில் கழுவுவது மேலே ஒட்டியதைக் குறைக்கும், செடிக்குள் ஊடுருவிய மருந்தை எடுக்காது. அதனால் கழுவுவதைவிடத் தேர்வில் கவனம் வையுங்கள். கத்தரி, வெண்டை, காலிஃப்ளவருக்குப் பூச்சித் தொல்லை அதிகம், மருந்தும் அதிகம். முருங்கை, அகத்தி, வாழைத்தண்டு, வாழைப்பூ, பறங்கி, பப்பாளி இவற்றுக்கு ஒப்பிட்டால் குறைவு. இயற்கை விளைச்சல் என்று கூடுதல் விலை கொடுக்க முடியாத வீட்டுக்கு இதைவிட எளிய பாதுகாப்பு எனக்குத் தெரியவில்லை.

கீரை தினமும் வேண்டும். வழிகாட்டுதல் சொல்லும் 400 கிராம் காயில் 100 கிராம் கீரை. கொல்லையில் ஒரு முருங்கை, ஒரு அகத்தி, ஒரு பப்பாளி நட இடம் இருந்தால் இந்தச் செலவே இல்லை. பொன்னாங்கண்ணியும் வல்லாரையும் வரப்பிலும் வாய்க்கால் ஓரத்திலும் தானாக வளரும். பறிக்கும் முன் இரண்டு விஷயம் பாருங்கள்: அந்த வரப்பில் களைக்கொல்லி அடித்தார்களா, அந்த வாய்க்காலில் ஊர்ச் சாக்கடை கலக்கிறதா. ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் தொடாதீர்கள்.

கீரையிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர அதே வேளையில் எலுமிச்சையோ நெல்லிக்காயோ கொய்யாவோ வேண்டும். சாப்பாடு முடிந்த கையோடு காபி குடித்தால் அந்தச் சத்து சேர்வது குறையும். கும்பகோணத்தில் போய் காபியை விடச் சொல்ல மாட்டேன். ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள்.

பழத்துக்கு ஒரு பூவன் தாரை மூன்று வீடு சேர்ந்து வாங்கிப் பங்கிடுங்கள். சீப்பாக வாங்குவதைவிட மலிவு. செங்காயாக வாங்கிக் கட்டித் தொங்கவிட்டால் ஒவ்வொரு சீப்பாகப் பழுத்து வரும். ஆப்பிள் வாங்காததற்கு யாரும் வருந்த வேண்டியதில்லை.

5. மீனில் சின்ன மீன், முட்டையில் சாதா முட்டை

வஞ்சிரம், இறால் வாங்கினால்தான் மீன் சாப்பிட்டதாக ஒரு நினைப்பு. மத்தி, நெத்திலி, கானாங்கெளுத்தி விலை குறைவு, இதயத்துக்கு நல்ல கொழுப்பு அதிகம். நெத்திலியை முள்ளோடு தின்பதால் சுண்ணாம்புச் சத்தும் கிடைக்கிறது. நாகப்பட்டினம், மல்லிப்பட்டினம், பழையாறு பக்கம் இருப்பவர்கள் கரையிலேயே வாங்கலாம். உள்ளே இருப்பவர்களுக்கு ஐஸ் பெட்டியில்தான் வரும். எந்த நேரத்தில் வண்டி வருகிறது என்று மீன்கார அக்காவிடம் கேட்டு அந்த நேரத்துக்குப் போங்கள். கண் தெளிவாக, செவுள் சிவப்பாக, விரலால் அழுத்தினால் பள்ளம் விழாமல் இருக்க வேண்டும். செவுளைக் காட்ட மறுத்தால் வேறு கடைக்குப் போங்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு 61 நாள் மீன்பிடித் தடை. நாட்டுப்படகு மீன் வரும், விலை ஏறியிருக்கும். இந்த இரண்டு மாதத்துக்குக் கடல் மீனைக் கணக்கில் வைக்காதீர்கள். கோடையில் குளம் வற்றும்போது பிடிக்கும் கெண்டை, கட்லா, விரால் உண்டு. கருவாடு உண்டு. கருவாட்டை வெந்நீரில் இருமுறை ஊற வைத்து அலசுங்கள், குழம்புக்குத் தனியாக உப்புப் போட வேண்டாம். ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு அது வேண்டாம்.

நாட்டு முட்டைக்கும் பண்ணை முட்டைக்கும் புரதத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஓடு பழுப்பாக இருப்பது நாட்டு முட்டை என்பதற்குச் சான்றும் அல்ல. அந்தக் காசில் இரண்டு வெள்ளை முட்டை வாங்கிப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதே மேல்.

6. எண்ணெய்: முதலில் அளவு, பிறகு செக்கு

நாளைக்கு 27 கிராம் என்றால் நான்கு பேருக்கு மாதம் சுமார் மூன்றரை லிட்டர். ரேஷன் பாமாயிலும் இதில் அடக்கம். உங்கள் நோட்டில் ஐந்து லிட்டர் இருந்தால் முதலில் அதைக் குறையுங்கள். மாத எண்ணெயை ஒன்றாம் தேதி தனிப் பாத்திரத்தில் ஊற்றி வைத்து அதிலிருந்தே எடுத்தால் கை தானாகக் குறையும்.

அளவு இறங்கிய பிறகு செக்குக்குப் போகலாம். மிச்சப்பட்ட பணம் அங்கே உதவும். மாற்றிச் செய்தால், அதாவது ஐந்து லிட்டரையும் செக்கு எண்ணெயாக வாங்கினால், செலவு எகிறும். கொழுப்போ செக்கில் ஆட்டியதால் குறைந்துவிடாது.

நிலக்கடலையை நீங்களே செக்குக்கு வாங்கிக்கொண்டு போவது நல்லது. ஒரு லிட்டருக்குச் சுமார் இரண்டரை கிலோ உரித்த நிலக்கடலை வேண்டும். இந்தக் கணக்கு தெரிந்தால் கடையில் மிக மலிவாக விற்கும் 'செக்கு' எண்ணெயை நம்பலாமா என்று நீங்களே கண்டுபிடித்துவிடலாம். பூசணம் பிடித்த, சுருங்கிய பருப்பைப் பொறுக்கி எறியுங்கள். அந்தப் பூசணத்தின் நஞ்சு ஈரலைக் கெடுக்கும். தேங்காய் எண்ணெய்க்குப் பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பக்கம் கொப்பரை கிடைக்கும், கந்தகப் புகை போடாததாகக் கேட்டு வாங்குங்கள். புண்ணாக்கைச் செக்கிலேயே விட்டால் ஆட்டுக்கூலியில் கழிப்பார்களா என்றும் கேளுங்கள்.

7. இப்போது அரிசி

பாரம்பரிய அரிசி கடையில் சாதாரண அரிசியைப்போல இரண்டு மடங்கு, கவுனி இன்னும் கூட. மூன்று வேளையும் அதையே சாப்பிட நடுத்தர வீட்டுக்கு முடியாது, தேவையும் இல்லை. வாரத்தில் இரண்டு மூன்று நாள் காலைக் கஞ்சியாகவோ இட்லியில் பாதியாகவோ போதும். மற்ற நாள் புழுங்கலரிசி. தீட்டிய பச்சரிசியைவிட அதில் பி சத்து அதிகம் தங்கியிருக்கும்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் கவனிக்க: சிவப்பு நிறப் பாரம்பரிய ரகமான மாப்பிள்ளைச் சம்பாவும் அரிசிதான். தட்டு நிறையச் சாப்பிட்டால் சர்க்கரை ஏறும். அளவு, கூடவே காயும் பருப்பும், இவைதான் முதலில்.

மலிவாக வாங்க வழி நெல்லாக வாங்குவது. நெல் ஜெயராமன் திருத்துறைப்பூண்டியில் தொடங்கி வளர்த்த நெல் திருவிழாக்களால் இந்தப் பக்கம் தூயமல்லி, கிச்சிலிச் சம்பா, பூங்கார் போன்ற பாரம்பரிய நெல் பயிரிடும் விவசாயிகள் பெருகியிருக்கிறார்கள். தை, மாசி அறுவடையில் ஒரு மூட்டையை இரண்டு வீடு சேர்ந்து எடுங்கள். 60 கிலோ மூட்டையில் 40 கிலோ அரிசிக்குச் சற்று முன்பின்னாகக் கிடைக்கும். உடனே அரைக்காதீர்கள், புது அரிசிச் சோறு குழையும். ஆறு மாதம் நெல்லாகவே வைத்திருந்து, கொஞ்சம் கொஞ்சமாக அவித்து அரையுங்கள். மில்லில் தீட்டு குறைவாக வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். வெள்ளை வெளேரென்று தீட்டிய மாப்பிள்ளைச் சம்பாவுக்குக் கூடுதல் விலை கொடுப்பது வீண், சிவப்பும் சத்தும் தவிட்டோடு போய்விட்டன.

தவிடு இருக்கும் அரிசி சீக்கிரம் சிக்குவாடை அடிக்கும், பூச்சியும் விரும்பி வரும். ஒரு மாதத்துக்கு மேல் அரிசியாக வைக்காதீர்கள்.

கவுனியைக் கழுவினால் தண்ணீர் ஊதாவாகும். சாயம் என்று நினைத்து நிறம் போகும்வரை கழுவுகிறார்கள். அது அரிசியின் சொந்த நிறம், நீங்கள் காசு கொடுத்ததே அதற்காகத்தான். ஒருமுறை லேசாக அலசி, ராத்திரி முழுக்க ஊற வைத்து, அந்தத் தண்ணீரிலேயே வேக வையுங்கள். மாப்பிள்ளைச் சம்பாவுக்கு ஆறேழு மணி நேர ஊறல் வேண்டும். ஊறாமல் குக்கரில் வைத்து 'வேகவே இல்லை' என்று ஒதுக்கியவர்கள் நிறையப் பேர்.

8. வெல்லம், உப்பு

அச்சு வெல்லத்தைப் பொங்கலை ஒட்டி வீரமாங்குடி, அய்யம்பேட்டைப் பக்கம் வாங்கலாம். பளீர் மஞ்சளாக இருப்பதைத் தவிருங்கள், வெளுக்க ரசாயனம் சேர்த்திருப்பார்கள். கரும்பழுப்பு நல்லது. வெல்லமும் சர்க்கரை என்பதை மறக்க வேண்டாம், அளவு கூடக்கூடாது. வேதாரண்யம் கல்லுப்பு வாங்கினாலும் அயோடின் சேர்த்ததாகப் பார்த்து வாங்குங்கள்.

9. அடைமழைக்கு முன்

புரட்டாசிக் கடைசியிலேயே ஐப்பசி, கார்த்திகைக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். படுகை மூழ்கும், கீரை அழுகும், காய் விலை ஏறும், கடலுக்கும் போக மாட்டார்கள். பருப்பையும் நெல்லையும் கடைசி நல்ல வெயிலில் ஒருமுறை காய வைத்து டின்னை இறுக மூடுங்கள். வெயிலில் போட்ட சுண்டைக்காய், மணத்தக்காளி, கொத்தவரை, மோர் மிளகாய் வற்றல்கள், வாரக்கணக்கில் தாங்கும் பறங்கி, பூசணி, சேனை, கருணை இருந்தால் குழம்புக்குக் குறைவில்லை. முருங்கைக் கீரையை நிழலில் உலர்த்திப் பொடித்து வையுங்கள், அடையிலும் கஞ்சியிலும் போடலாம்.

2018 கஜா புயலில் வேதாரண்யம், பட்டுக்கோட்டைப் பக்கம் நாள் கணக்கில் மின்சாரமும் கடையும் இல்லாமல் போனது. அதனால் ஒரு வாரத்துக்கு வேண்டிய அவலும் வெல்லமும் வறுத்த பயற்றமாவும் தனி டின்னில் இருக்கட்டும். மழை முடிந்து மார்கழியில் அந்த டின்னை எடுத்துச் சாப்பிட்டுத் தீர்த்துவிடுங்கள். அதற்குள் வயலில் அடுத்த உளுந்து தெளிக்கும் நாள் நெருங்கியிருக்கும், எந்த விவசாயியிடம் எத்தனை கிலோ என்று அப்போதே சொல்லி வைக்கலாம்.